விதைக்கும் முன் ஊரின் தண்ணீரை எண்ணுங்கள்

குதிரில் எத்தனை மூட்டை நெல் இருக்கிறது என்று பார்க்காமல் நம் வீடுகளில் யாரும் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதில்லை. விதைநெல்லுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, மீதிதான் விற்பனைக்கு என்று பிரித்து வைப்போம். தண்ணீர் விஷயத்தில் மட்டும் இந்தப் பழக்கம் இல்லை. மழை பெய்கிறது, கிணறு ஊறுகிறது, மோட்டாரைப் போடுகிறோம். மார்ச் மாதத்தில் தண்ணீர் வருவது குறைந்தால் குழாயை இன்னும் இறக்குகிறோம். அதற்கும் வரவில்லை என்றால் போர்வெல் வண்டியைக் கூப்பிடுகிறோம். அந்தக் கடன் முடியும் முன்பே பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்மைவிட ஆழமாக ஒன்று போட்டுவிடுகிறார்.

ஒரு சிறிய கிராமம் நிலைத்து நிற்குமா, அல்லது வயதானவர்கள் மட்டும் காவல் இருக்கும் ஊராகிவிடுமா என்பதைச் சாலை, பள்ளிக்கூடம், விலை எனப் பல விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஆனால் மானாவாரியும் கிணற்றுப் பாசனமும் கலந்த ஊர்களில் முதல் கேள்வி தண்ணீர்தான். அந்தக் கேள்விக்கு ஒரு ஊர் கண்ட விடையையும், அதில் நம் ஊருக்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது என்பதையும் இந்த வாரம் பார்க்கலாம். பேனாவும் ஒரு பழைய நோட்டும் பக்கத்தில் இருந்தால் நல்லது. கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

400 மி.மீ. மழையில் ஒரு ஊர்

மகாராஷ்டிர மாநிலம் அகமதுநகர் மாவட்டத்தில் (இப்போது அகில்யாநகர்) உள்ளது ஹிவ்ரே பஜார். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. ஆண்டுச் சராசரி மழை சுமார் 400 மி.மீ. மோசமான ஆண்டுகளில் அதில் பாதிகூடக் கிடைக்காது. தமிழ்நாட்டின் சராசரி 900 மி.மீ.க்கு மேல் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் மொத்தப் பரப்பு 1,000 எக்டேருக்குச் சற்றுக் குறைவு. மக்கள்தொகை ஆயிரத்துச் சொச்சம். கீழே முழுக்கக் கருங்கல் போன்ற எரிமலைப் பாறை.

ஒரு காலத்தில் மல்யுத்த வீரர்களுக்குப் பேர்போன ஊர் இது. 1972-இல் மகாராஷ்டிரத்தை உலுக்கிய வறட்சிக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. மலையில் இருந்த மரங்களை வெட்டி விறகாக விற்றார்கள். மரம் போனதும் மண் போனது, மண் போனதும் கிணறுகள் போயின. இளைஞர்கள் மும்பைக்கும் புனேவுக்கும் கூலி வேலைக்குக் கிளம்பினார்கள். ஊரில் மிஞ்சியது சாராயமும் சண்டையும்தான். அரசு ஊழியர்களுக்கு அந்த ஊருக்கு மாறுதல் கிடைத்தால் தண்டனையாகவே கருதினார்கள்.

1989-ஆம் ஆண்டு வாக்கில் போபட்ராவ் பவார் என்ற, முதுகலை வணிகவியல் படித்த இளைஞரை ஊர்க்காரர்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். (2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.) மாநில அரசின் வேலை உறுதித் திட்டத்திலும், 1990-களின் நடுவில் வந்த மாதிரிக் கிராமத் திட்டத்திலும் கிடைத்த பணத்தோடு ஊராரின் உடல் உழைப்பும் சேர்ந்தது. மலைச்சரிவு முழுக்கச் சமஉயர அகழிகள் வெட்டினார்கள். ஓடைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மண் தடுப்புகள், முப்பதுக்கும் மேற்பட்ட கல் தடுப்புகள், அவற்றோடு கசிவுநீர்க் குட்டைகள், தடுப்பணைகள். மரம் வெட்டுவதும் ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டு மேய்ப்பதும் தடை செய்யப்பட்டன.

பலன் என்ன? 1995-இல் எடுத்த கணக்கில் 180 குடும்பங்களில் 168 வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. பதினைந்து ஆண்டுகள் கழித்து அது ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. வெளியூர் போன குடும்பங்களில் பல திரும்பி வந்தன. ஒரு கிராமம் பிழைத்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. போனவர்கள் திரும்பி வருவது நம் நாட்டில் அவ்வளவு அரிதாக நடக்கிறது.

தடுப்பணை பாதி வேலைதான்

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த கதை. வேளாண் துறையின் பயிற்சிகளிலும் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு, நம் ஊரிலும்தான் தடுப்பணை கட்டினார்கள், பண்ணைக்குட்டை வெட்டினார்கள், பிறகு ஏன் கிணறு வற்றுகிறது என்று நினைத்திருப்பீர்கள். நியாயமான கேள்வி அது.

நீர்வடிப்பகுதித் திட்டங்கள் நடந்த பல ஊர்களில் நடந்தது இதுதான்: தடுப்பணை கட்டிய முதல் இரண்டு ஆண்டுகளில் நீர்மட்டம் ஏறுகிறது. ஏறியதைப் பார்த்ததும் நாலு பேர் புதிதாகப் போர்வெல் போடுகிறார்கள். சோளமும் துவரையும் இருந்த இடத்துக்குக் கரும்போ வாழையோ வருகிறது. ஐந்தாம் ஆண்டில் நீர்மட்டம் பழைய இடத்துக்கும் கீழே போய்விடுகிறது. தண்ணீர் சேர்க்கும் வேலையை அரசுப் பணத்தில் எல்லோரும் சேர்ந்து செய்துவிட்டு, எடுக்கும் வேலையை அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் இப்படித்தான் முடியும்.

ஹிவ்ரே பஜார் இந்த இடத்தில்தான் வேறு வழியில் போனது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று ஊரே தீர்மானித்தது. குடிநீருக்கு மட்டும் அனுமதி. கரும்பு, வாழை போன்ற அதிகத் தண்ணீர் குடிக்கும் பயிர்கள் வேண்டாம் என்று முடிவு செய்தது. வெளியாட்களுக்கு நிலம் விற்பதில்லை என்ற கட்டுப்பாடும் சேர்ந்தது.

கரும்பு வேண்டாம் என்பது சர்க்கரை ஆலைகள் நிறைந்த அகமதுநகர் மாவட்டத்தில் சாதாரண முடிவு இல்லை. சுற்றுப்புறத்தில் கரும்பு போட்டவர்கள்தான் வசதியாக இருந்தார்கள். அப்படியும் ஏன் அந்த முடிவு? கணக்குப் போட்டுப் பாருங்கள், புரியும்.

ஒரு எக்டேர் நிலத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 10,000 லிட்டர். 1,000 எக்டேரில் 400 மி.மீ. என்றால் 400 கோடி லிட்டர். பெரிய தொகைதான். ஆனால் இதில் பெரும்பகுதி மண்ணின் ஈரமாக நின்று பயிரும் புல்லும் குடித்துவிடும், வெயிலில் ஆவியாகும், ஓடையில் ஓடிவிடும். கடினப் பாறைப் பகுதியில் நிலத்தடிக்குப் போய்ச் சேருவது தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஊருக்கே ஆண்டுக்கு 40 கோடி லிட்டர்.

ஏக்கர் கணக்கில் 1 மி.மீ. என்பது சுமார் 4,000 லிட்டர். கரும்புக்கு ஓராண்டில் சுமார் 2,000 மி.மீ. தண்ணீர் தேவை. அதாவது ஏக்கருக்கு 80 லட்சம் லிட்டர். 40 கோடியை 80 லட்சத்தால் வகுத்தால் 50. ஆயிரம் எக்டேர் ஊரில் வெறும் 50 ஏக்கர் கரும்பு, ஊரின் ஒட்டுமொத்த நிலத்தடி நீர் வரவையும் குடித்துவிடும்! கரும்பின் மேலேயே விழும் 400 மி.மீ. மழையைக் கழித்துக்கொண்டாலும் அறுபது ஏக்கரைச் சற்றுத்தான் தாண்டும். குடிக்கவோ மாட்டுக்கோ ஒரு சொட்டுகூட மிஞ்சாது. பத்துப் பேர் கரும்பு போட்டால் மற்ற நூற்றைம்பது குடும்பங்களும் மும்பை ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான்.

ஆழ்துளைக் கிணற்றுக்குத் தடை போட்டதற்கும் இதே போல் ஒரு காரணம் இருக்கிறது. பாறைப் பகுதியில் மேலே சிதைந்த பாறை அடுக்கு இருக்கும். மழைநீர் முதலில் தங்குவது அங்கேதான். திறந்தவெளிக் கிணறுகள் இந்த அடுக்கில் இருந்துதான் ஊறுகின்றன. இந்த அடுக்கு வற்றினால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரியும், எல்லோரும் சேர்ந்து நிறுத்துவார்கள். ஆழ்துளைக் கிணறோ கீழே உள்ள வெடிப்புகளில் இருந்து இழுக்கிறது. அந்த வெடிப்புகளுக்குத் தண்ணீர் வருவதும் பெரும்பாலும் மேல் அடுக்கில் இருந்துதான். ஆகவே 800 அடியில் ஒருவர் மோட்டார் ஓட்டினால், அவரைச் சுற்றியுள்ள 40 அடிக் கிணறுகள் மெல்ல வற்றுகின்றன. கீழே கிடைப்பது புதுத் தண்ணீர் என்று நினைக்கிறோம். பல இடங்களில் அது பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர்தான், அல்லது பல ஆண்டுகள் சேர்ந்த பழைய சேமிப்பு.

மூன்றாவது ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2000-களின் நடுப்பகுதியில் இருந்து ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்ததும் ஊரில் தண்ணீர்க் கணக்கு எடுக்கிறார்கள். மழை அளவு, குறிப்பிட்ட சில கிணறுகளின் நீர்மட்டம் ஆகியவற்றை வைத்து ஊரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். முதலில் மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும். அடுத்த கோடை வரை கையிருப்பு. மீதிதான் பயிருக்கு. மீதி எவ்வளவு என்பதைப் பொறுத்து இந்த ஆண்டு என்ன பயிர், எத்தனை பரப்பு என்று கிராம சபையில் பேசி முடிவெடுக்கிறார்கள். மழை குறைந்த ஆண்டில் கோதுமையைச் சுருக்கிக் கடலை, பயறு வகைகளுக்கு மாறிக்கொள்கிறார்கள்.

புல் கொடுத்த பால்

கட்டுப்பாடு மட்டும் போட்டிருந்தால் ஊர் நிலைத்திருக்காது. கரும்பை விட்டவருக்கு வேறு வருமானம் வேண்டும், நிலமே இல்லாதவருக்கும் வேண்டும். அதைக் கொடுத்தது மலைப் புல்.

மேய்ச்சலை நிறுத்தியதும் மலைச்சரிவில் புல் வளர்ந்தது. மாடு ஏறி மேய்ந்தால் குருத்திலேயே போய்விடும் புல், வெட்டி எடுத்துப்போட்டால் பல மடங்கு கிடைக்கிறது. சிறிய தொகை கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் அரிந்துகொள்ளலாம், நிலம் உள்ளவர் இல்லாதவர் என்ற பேதம் இல்லை. கட்டிவைத்து வளர்க்கும் கறவை மாடுகள் பெருகின. 1990-களின் நடுவில் நாளொன்றுக்கு 150 லிட்டர் அளவில் இருந்த ஊரின் பால் உற்பத்தி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 4,000 லிட்டர் அளவுக்கு உயர்ந்தது. சாணம் நிலத்துக்குத் திரும்பியது.

வெங்காயம் விலை போனால் லாபம், போகாவிட்டால் நஷ்டம். பால் பணம் அப்படி இல்லை. வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ கைக்கு வரும். கிராமத்தை விட்டுக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஆண்டு வருமானம் போதாமல் கிளம்புவதில்லை. மளிகைக் கடைக்கும் பள்ளிச் செலவுக்கும் மாதாமாதம் கையில் பணம் இல்லாமல்தான் கிளம்புகிறார்கள். ஒரு ஊரின் பயிர்த் திட்டத்தைப் பேசும்போது நாம் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது

ஹிவ்ரே பஜாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் எல்லா விதிகளையும் ஒரே கட்டாகத் தூக்கி வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மாதிரிக் கிராமத் திட்டத்தின் ஐந்து விதிகளில் குடும்பக் கட்டுப்பாடும் ஒன்று. ஒரு குடும்பம் எத்தனை பிள்ளை பெற்றுக்கொள்வது என்பதை ஊர்க் கூட்டம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்க் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. கரும்பு போடக்கூடாது, போர்வெல் கூடாது என்ற தடைகளும் மரியாதைக்குரிய ஒரு தலைவர் பல ஆண்டுகள் இருந்ததால் நிலைத்தவை. எல்லா ஊருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை.

ஊரின் அமைப்பும் வேறு. அது ஏறத்தாழ மலை சூழ்ந்த சிறிய கிண்ணம். விழும் மழை அந்த ஊருக்கே. நம் பக்கம் ஒரு ஊராட்சியில் ஏழெட்டுக் குக்கிராமங்கள் இருக்கும். மேல ஊர் ஏரி நிரம்பினால்தான் கீழ ஊர் ஏரிக்குத் தண்ணீர். கிராம சபைக்கு வருகிறவர்கள் யார், பேசுகிறவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும். காலனியில் குடியிருப்பவரும், குடத்தோடு நிற்கும் பெண்களும் பேசாத கூட்டத்தில் எடுக்கும் தண்ணீர்க் கணக்கு, கிணறு உள்ளவர்களின் கணக்காகத்தான் இருக்கும்.

ஆனால் தண்ணீரை எண்ணிப் பார்த்துப் பயிர் வைப்பது மராட்டியர்கள் கண்டுபிடித்தது இல்லை. நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர் என்று ஊருக்கு ஒரு பெயரில் இருந்தவர்கள் செய்த வேலையே அது. ஏரி நிரம்பிய ஆண்டில் முழு ஆயக்கட்டும் நடவு, பாதி நிரம்பினால் மடைக்கு அருகில் உள்ள வயல்களில் மட்டும் நடவு, இல்லாவிட்டால் ஒவ்வொருவர் நிலத்திலும் ஒரு பங்குக்கு மட்டும் நடவு. ஏரித் தண்ணீர் எல்லோர் கண்ணிலும் பட்டது, அதனால் கணக்குப் போட முடிந்தது. கிணறு வந்ததும் தண்ணீர் பட்டாவுக்குள் போய்விட்டது. மின்சாரத்துக்கும் கட்டணம் இல்லை என்பதால் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எண்ணும் பழக்கமும் போய்விட்டது. இலவச மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் சிறு விவசாயி பிழைக்க முடியாது. எண்ணுவதை விட்டுவிட்டோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் ஊருக்கு ஒரு கணக்கு

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைதான். அதனால் இந்தக் கணக்கு நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்தும். காவிரிப் படுகை, கடலோர மணற்பகுதி நண்பர்களுக்கு நிலத்தடி நீர் வரவு விகிதம் கூடுதலாக இருக்கும்.

உதாரணத்துக்கு 500 எக்டேர், அதாவது சுமார் 1,250 ஏக்கர் பரப்புள்ள ஒரு ஊர். ஆண்டு மழை 800 மி.மீ. மொத்தம் விழுவது 400 கோடி லிட்டர். பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்கு என்றால் 40 கோடி லிட்டர்.

இதில் முழுவதையும் எடுக்கக் கூடாது. ஆண்டு வரவில் 70 சதவீதம் வரை எடுத்தால்தான் மத்திய நிலத்தடி நீர் வாரியம் அந்தப் பகுதியைப் பாதுகாப்பானது என்று வகைப்படுத்துகிறது. 100 சதவீதத்தைத் தாண்டினால் அதிகம் சுரண்டப்பட்ட பகுதி. ஆகவே 28 கோடி லிட்டர்தான் நம் கையில்.

ஊரில் 2,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி லிட்டர். மாடுகள் 600, மாட்டுக்கு 60 லிட்டர் வீதம் 1.3 கோடி. ஆடுகள் 1,000, ஆட்டுக்கு 6 லிட்டர் வீதம் சுமார் 22 லட்சம். கூட்டினால் ஐந்தரைக் கோடி. 28-இல் ஐந்தரை போனால் பாசனத்துக்கு மிஞ்சுவது இருபத்திரண்டரைக் கோடி லிட்டர்.

நெல்லுக்குத் தோராயமாக 1,250 மி.மீ. என்றால் ஏக்கருக்கு 50 லட்சம் லிட்டர். அந்த மீதித் தண்ணீரில் 45 ஏக்கர் நெல்தான் விளைவிக்கலாம். நிலக்கடலைக்கு 550 மி.மீ., ஏக்கருக்கு 22 லட்சம் லிட்டர், சுமார் 100 ஏக்கர். உளுந்து, பாசிப்பயறுக்கு 280 மி.மீ., ஏக்கருக்கு 11 லட்சம் லிட்டர் சொச்சம், 200 ஏக்கர். 1,250 ஏக்கர் ஊரில் கிணற்றை மட்டும் நம்பினால் 45 ஏக்கர் நெல்லா, 200 ஏக்கர் பயறா என்பதுதான் உண்மையான கேள்வி.

இந்தக் கணக்கில் சில தளர்வுகள் உண்டு. மழைக்காலப் பயிருக்கு மழையே பாதித் தண்ணீரைக் கொடுத்துவிடும். ஏரி, கால்வாய்த் தண்ணீர் இருந்தால் அது தனி வரவு. நெல் வயலில் கட்டிய தண்ணீரில் ஒரு பகுதி மீண்டும் கிணற்றுக்கே கசியும். ஆகவே மேலே சொன்ன எண்கள் கோடைப் பயிருக்குத்தான் நேரடியாகப் பொருந்தும். ஊர்ச் சண்டை வருவதும் அந்தப் பட்டத்தில்தானே!

பத்தில் ஒரு பங்கு என்று நான் எடுத்துக்கொண்டது உங்கள் ஊருக்குச் சரியா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மே மாதக் கடைசியில் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து சனவரி முதல் வாரத்தில் மீண்டும் அளங்கள். பாறைப் பகுதியில் ஒரு கன மீட்டர் பாறையில் கிணற்றுக்குக் கொடுக்கக்கூடிய தண்ணீர் 1 முதல் 3 சதவீதம்தான் இருக்கும். 2 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், 500 எக்டேரில் நீர்மட்டம் சராசரியாக 1 மீட்டர் ஏறியிருந்தால் சேர்ந்தது 10 கோடி லிட்டர். 4 மீட்டர் ஏறினால் 40 கோடி. கிணறு நிறையத் தண்ணீர் தெரிந்தாலும் ஊரின் கையிருப்பு குறைவாகவே இருப்பது ஏன் என்பது இதில் புரியும். கிணறு என்பது வெட்டவெளிப் பள்ளம், அதைச் சுற்றி இருப்பது பாறை.

லிட்டர், கோடி என்றால் கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மோட்டார் மணி நேரமாக மாற்றிச் சொல்லுங்கள். 200 லிட்டர் டிரம்மை மோட்டார் குழாயடியில் வையுங்கள். 40 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 18,000 லிட்டர். அந்த மோட்டாரில் கோடையில் ஒரு ஏக்கர் நிலக்கடலை விளையச் சுமார் 120 மணி நேரம் ஓட வேண்டும். நெல்லுக்குச் சுமார் 280 மணி நேரம். உங்கள் கிணறு ஊறும் வேகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்ட முடியும் என்று உங்களுக்கே தெரியும். மீதிக் கணக்கை நீங்களே போட்டுவிடுவீர்கள்.

சொட்டுநீர் போட்டுவிட்டேன், எனக்குக் கவலையில்லை என்று சிலர் சொல்வார்கள். சொட்டுநீரில் தண்ணீர் மிச்சமாவது உண்மை. ஆனால் மிச்சமான தண்ணீரை வைத்து இன்னும் இரண்டு ஏக்கர் கூடுதலாக நட்டால் கிணற்றுக்கு எந்த லாபமும் இல்லை. எடுத்த தண்ணீர் அதே அளவுதான்.

தடை இல்லாமலும் நடந்தது

ஊர்க் கட்டுப்பாடு எல்லாம் எங்கள் பக்கம் நடக்காது என்பவர்களுக்கு ஒன்றுபட்ட ஆந்திர மாநிலத்தின் அனுபவத்தைச் சொல்கிறேன். 2000-களில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு அங்கே ஏழு வறட்சி மாவட்டங்களில் 600-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. யாருக்கும் தடை இல்லை, அபராதம் இல்லை, போர்வெல்லுக்கு மானியமும் இல்லை. மழைமானியை வைத்து மழையை அளந்தார்கள், போர்வெல்களின் நீர்மட்டத்தை அளந்தார்கள், அதிகம் படிக்காத விவசாயிகளும் பெண்களும் அளந்தார்கள். காரிஃப் பட்டம் முடிந்து ரபி பட்டம் தொடங்கும் முன் எல்லோரையும் கூட்டி, இருப்பு இவ்வளவு, நீங்கள் ஒவ்வொருவரும் போட நினைத்திருக்கும் பயிருக்கு ஆகும் தண்ணீர் இவ்வளவு என்று சுவரில் எழுதிக் காட்டினார்கள். அவ்வளவுதான். இதன்படிதான் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பல ஊர்களில் நெல் பரப்பு தானாகவே குறைந்தது. காரணம் ஊர்ப் பற்று மட்டும் இல்லை. பிப்ரவரியில் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று டிசம்பரிலேயே தெரிந்தால், ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கதிர் வரும் சமயத்தில் காயவிட யாருக்கும் மனம் வராது. தகவல் கையில் இருந்தால் விவசாயி சரியாகத்தான் முடிவெடுப்பார். எல்லா ஊரிலும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹிவ்ரே பஜாரின் தடைகளைவிட நம் ஊர்களுக்கு இந்த வழி எளிது என்பது என் கருத்து. முதல் மூன்று ஆண்டுகள் எண்ணிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். போர்வெல் பற்றிய பேச்சு அதன் பிறகு தானாகவே வரும்.

எப்போது, யார்?

நமக்கு இதற்கு ஏற்ற நாள் சட்டப்படியே இருக்கிறது. சனவரி 26 கிராம சபை. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், கிணறுகள் உச்ச மட்டத்தில் இருக்கும், மாசிப் பட்டமும் கோடைப் பயிரும் இன்னும் மண்ணில் இறங்கியிருக்காது. அதற்கு இரண்டு வாரம் முன்பே நீர்மட்டம் அளந்திருந்தால் அன்றைக்குக் கணக்கை வைக்கலாம். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் இப்போது கிராம சபை நடக்கிறது. ஆனால் அன்றைக்குப் பயிர் பாதி வளர்ந்திருக்கும், கணக்குச் சொல்லிப் பயனில்லை. அந்தக் கூட்டத்தை, சனவரியில் சொன்னதும் மார்ச்சில் கிணற்றில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

வேளாண் உதவி அலுவலர்களுக்கும் தோட்டக்கலை அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அளப்பதற்கு ஊரில் ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய விவசாயிகளின் கிணறுகளையே எடுத்துவிடாதீர்கள். மேட்டில் ஒன்று, ஏரிக்குக் கீழே ஒன்று, ஓடையோரம் ஒன்று, கைவிடப்பட்ட பழைய கிணறு ஒன்று, குடிநீர்க் கிணறு ஒன்று என்று இருக்கட்டும். அளப்பதற்கு முந்தைய இரவு அந்தக் கிணற்றில் மோட்டார் ஓடியிருக்கக் கூடாது. காலையில் முதல் வேலையாக அளந்துவிடுங்கள். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு புள்ளியைப் பெயின்ட் அடித்துக் குறித்துக்கொண்டு, எப்போதும் அந்தப் புள்ளியில் இருந்தே அளவுநாடாவை இறக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அரை மீட்டர் வித்தியாசம் வந்து, ஊர்க்காரர்கள் கணக்கையே நம்ப மாட்டார்கள்.

மழைமானி வாங்கப் பணம் இல்லை என்று காத்திருக்க வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான டப்பா போதும். மரமோ கூரையோ இல்லாத திறந்த இடத்தில், மண் தெறிக்காத உயரத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு ஸ்கேலை உள்ளே விட்டால் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறதோ அதுதான் மழையளவு. பள்ளிக்கூட மைதானத்தில் வைத்தால் பிள்ளைகள் ஒரு நாள்கூடத் தவறவிட மாட்டார்கள். அளந்ததை ரேஷன் கடைச் சுவரில் எழுதுங்கள், ஊராட்சி அலுவலகத்துக்குள் எழுத வேண்டாம். ரேஷன் கடைக்குத்தான் எல்லோரும் வருகிறார்கள்.